இல்லை என்பதற்கு ஒரு சொல்

மகள் முதன்முதலில் மறுத்தது என்னைத்தான்.
ஒன்றரை வயது. கரண்டியில் மீன் கஞ்சி.
உதட்டை இறுக்கினாள், பிறகு திறந்து
நை என்றாள்.

நை அவள் அம்மாவின் நார்வே மொழி.
வேறெங்கிருந்து எடுப்பாள்?
என் ஐரிஷில் அப்படியொரு சொல் கிடையாது.
இல்லைக்கும் இல்லை, ஆமாமுக்கும் இல்லை.
குடித்தாயா என்றால் குடித்தேன்,
அல்லது குடிக்கவில்லை.
வினையை முழுசாகத் தூக்கிச் சுமந்துதான்
எங்கள் ஊரில் ஒருவன் மறுக்க முடியும்.
நை அப்படியா?
கதவை அறைவது மாதிரி. ஓர் அசை. முடிந்தது.

ஒட்னி கேட்டாள்:
இல்லை சொல்லத் தெரியாமல்
இத்தனை நூற்றாண்டு எப்படிப் பிழைத்தீர்கள்?
பிழைத்தோம் என்று யார் சொன்னது, என்றேன்.

மோலோய் துறைமுகத்தில்
படகுக்கு போட் என்று பெயர். எங்களுக்கு பாத்.
கேட்டால் பங்காளிகள் மாதிரிதான்.
ஆனால் டோர்கெய்ர் தன் சொல்லை வாலில் திருப்புவான்:
போட் ஏதோவொரு படகு,
போட்டென் அந்தப் படகு.
நான் தலையில் திருப்புகிறவன்:
என் படகென்றால் முதலெழுத்து மெலிந்து வாத்,
அவர்கள் படகென்றால் மூக்கிலேறி மாத்.
மீன் வெட்டும் மேசையில் நின்று
இதை அவனுக்கு விளக்கினேன்.
கத்தியைக் கீழே வைத்தான்.
சொந்தக்காரன் மாறினால் சொல்லுக்கு முகமே மாறுமா?
அப்புறம் அகராதியில் எப்படித் தேடுவீர்கள்?

நான் மட்டும் என்ன,
வந்த வருஷம் கடைக்காரியிடம்
ஒரு டப்பா விவசாயிகள் கேட்டிருக்கிறேன்.
அவரைக்கும் விவசாயிக்கும்
வாயில் வித்தியாசம் ராகம் மட்டும்தான்.
அவள் சிரிக்கவில்லை.
மூன்றாவது அலமாரி என்று கைகாட்டினாள்.

டோர்கெய்ர் ஆமோதிக்கும்போது
யா என்பதை மூச்சை உள்ளிழுத்துச் சொல்வான்.
முதல் நாள் நெஞ்சுவலியென்று பயந்து
நாற்காலி இழுத்துப் போட்டேன்.
பிறகுதான் உறைத்தது:
தொனகலில் எங்கள் தபால் நிலைய நப்லாவும்
ஸ்டாம்ப் கிழித்தபடி
இப்படித்தான் ஆமாமை விழுங்குவாள்.
யாரிடம் யார் வாங்கியது, தெரியாது.
காற்றுக்கு ரசீது கிடையாது.

ஜன்னலுக்கு உண்டு.
கப்பலில் வந்து எங்களைச் சூறையாடியவர்கள்
விட்டுப்போன சொல் அது.
காற்றின் கண் என்றார்கள் அவர்கள்.
நாங்கள் அதை வாயில் போட்டு மென்று
ஃபுன்யோக் ஆக்கினோம்.
இப்போது அதற்குள் காற்றும் தெரியாது, கண்ணும் தெரியாது.
ஒட்னி எழுதும்போது இன்னும் வின்டௌகெ.
கண் திறந்தே இருக்கிறது.

சண்டை ஓய்ந்த இரவுகளில்
அவள் வருத்தமாக இருப்பாள்.
என் மொழியில் வருத்தம் என்மேல் கிடக்கும்.
அப்படியானால் கழற்றி ஆணியில் மாட்டு, என்பாள்.
கழற்றலாம். அடியில் இன்னொரு கம்பளி இருக்கிறது.

மகளுக்குச் சுன்னிவா என்று பெயர் வைத்தோம்.
அயர்லாந்திலிருந்து துடுப்பில்லாமல்
இந்தக் கரையில் வந்து ஒதுங்கியதாகச் சொல்லும்
புனிதையின் பெயர்.
அந்தப் பெண் இங்கே இறங்கியதும்
எந்த மொழியில் தண்ணீர் கேட்டாள்
என்று கதையில் இல்லை.

நேற்று மூன்று மணிக்கே இருட்டிவிட்டது.
அவள் பூட்ஸைக் கையில் வைத்துக்கொண்டு
ஐரிஷில் கேட்டேன்: வருகிறாயா?
ஜன்னலில் ஊதி
மூச்சுப் படலத்தில் விரலால் எதையோ கிறுக்கிக்கொண்டிருந்தாள்.
திரும்பவில்லை.
நை, என்றாள்.
விரல் நின்றது.
பிறகு என் மொழியில், முழு வினையாக, வருவேன்.

நை வருவேன்.

சமையலறையிலிருந்து ஒட்னி:
என்ன சொல்கிறாள், வருகிறாளா?

நான் மூச்சை உள்ளே இழுத்தேன்.